காது எட்டாத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஏதாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா உறையூரில் பிறந்தார். அவருக்கு அடுத்த வருடம் நான். அப்போதெல்லாம் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். அப்பா எங்கள் இருவரையும் ஒரே நாளில் அழைத்துப்போனார். நான் நெட்டை, எட்டிவிட்டது. அக்காவுக்கு எட்டவில்லை. அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்து வயதுகூட ஆகாத என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அழுவேன், பாவாடையை நனைப்பேன், ஒன்றும் ஏறாது. மதியம் மாற்றுப் பாவாடையோடு அக்காதான் வருவார். மறுவருடம் அவரும் சேர்ந்தார். நான் அதே வகுப்பில் மறுபடியும்.

"நான் குள்ளம், தப்பிச்சேன். நீ நெட்டை, மாட்டிக்கிட்டடி" என்று கடைசிவரை கேலி செய்வார்.

பன்னிரண்டாவது முடித்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா இறந்த பிறகு மருந்துக்கடை வேலைக்குப் போய் மகனை ஆளாக்கினார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு நாற்பது வயதில் பிறந்த மகள், மூன்றரை வயதிலும் சரியாகப் பேசவில்லை. ஆளைக் கண்டால் என் புடவைக்குப் பின்னால் ஒளிவாள். என் கணவர் எல்.கே.ஜி.யில் சேர்க்கத் துடித்தார். விஷயம் தெரிந்ததும் அக்கா பஸ் ஏறி அரியமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எதிர் வீட்டுப் பையன் போறான்ல அண்ணி?" என்றார் கணவர்.

"அவன் போகட்டும் தம்பி. அவனுக்கு வாய் காது வரைக்கும் இருக்கு. இவளுக்கு ஒரு வருஷம் குடுங்க. அடுத்த ஜூன்ல நானே வந்து பார்த்துச் சொல்றேன்."

அந்த ஜூனுக்கு முன்பே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஜூன் வந்தது. மகள் இப்போது பேசுகிறாள். ஆனாலும் என்னை விட்டு இருப்பாளா? "உங்க அக்கா இல்ல. நீயே சொல்லு" என்றார் கணவர். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், "சேர்த்துடலாங்க" என்றேன். அக்காவைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த அவருடைய நாத்தனாருக்கும், மருந்துக்கடை முதலாளிக்கும், சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. பள்ளி திறந்த அன்று வாசலை விட்டு நகராத என்னிடம், "பாப்பா பக்கத்துப் புள்ளையோட சிரிச்சுப் பேசிட்டிருக்கா, நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்று வந்து சொன்ன டீச்சருக்கும் நன்றி.

போனேன். அதைச் சொல்ல எனக்கு அக்காதான் இல்லை.