மருந்துக்கடை முன் நின்ற மீன்காரி

சென்ற செவ்வாய்க்கிழமை குளிரூட்டிய வங்கி ஒன்றில் மீன் வாசம் வீசியது. மீன்காரியைக் கூடையோடு அங்கே அழைத்துப் போனவன், சுத்த சைவனாகிய நான்!

மரியபுஷ்பம் எங்கள் மில்லர்புரத்தில் பல ஆண்டுகளாகத் தெருத் தெருவாக மீன் விற்பவர். யாரோ மோசடிப் பணத்தைச் செல்போனில் அனுப்பி அவரிடம் மீன் வாங்கிவிட்டாராம்... அதற்காக வங்கியில் இவர் கணக்கை முடக்கிவிட்டார்கள். வியாபாரிதான் என்று நிரூபித்தால்தான் திறப்பார்களாம்.

அதிகாரி திரையைப் பார்த்தார். “ரெக்கார்டுல உங்க கடை மெடிக்கல் ஷாப்னு இருக்கே?”

“என் கூடையில மாத்திரையா கெடக்கு? க்யூஆர் அட்டை ஒட்ட வந்த ஏஜென்ட்தான், ‘கடை போட்டோ இல்லன்னா ஆப் ஏத்துக்காதுக்கா, சும்மா இந்த மருந்துக்கடை முன்னால நில்லுங்க’ன்னான். நின்னேன்!”

“அப்ப உங்க கடை எது?”

மரியபுஷ்பம் கூடையை மேசைமேல் வைத்தார். அதிகாரி மூக்கைப் பொத்தினார்.

“வாசம் வருதுல்லா? இதவிட என்ன சாட்சி வேணும்?”

நான் சாட்சிக் கையெழுத்திட முன்வந்தேன். “நீங்க இவங்ககிட்ட மீன் வாங்குறவரா சார்?” என்றார் அதிகாரி.

“இல்லை.”

“அண்ணாச்சி வாங்க மாட்டாவ. ஆனா ஒரு நா நான் வரலன்னா, ஏன் வரலன்னு கேப்பாவ” என்றார் மரியபுஷ்பம்.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து வேலை நாட்கள் ஆகுமாம். மறுநாள் ஏலத்தில் மீன் எடுக்க வேண்டிய முதல் பணம் முழுவதும் அந்தக் கணக்கில்!

எனக்குச் சினம் தலைக்கேறியது. பொய்ப் படத்தை ஏற்றியது ஆப் கம்பெனி; அலைவது இவரா? “அவர்கள் அலுவலகம் எங்கே?” என்று கேட்டேன்.

“ஆப்லயே கம்ப்ளெயின்ட் போடுங்க சார்.”

“பொறுப்புள்ள மனிதர் யாருமில்லையா?”

“ஆள் கிடையாது சார். சாட் இருக்கு.”

நம் பக்தி மரபில் ஒரு கதை உண்டு. மணப்பந்தலில் ஓலையோடு நுழைந்த கிழவர் ஒருவர், ‘இந்த மணமகன் என் அடிமை’ என்று வழக்காடினார். அவையோர் ஓலையைச் சோதித்தார்கள். அதோடு விட்டார்களா? ‘உமது வீடு எங்கே, காட்டும்’ என்றார்கள். அவரும் முன்னே நடந்து, கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். வந்தவர் சிவபெருமான்.

உலகெலாம் உடையவனே இருப்பிடம் காட்டினான். இந்தக் கம்பெனியார் என்ன, அவனுக்கும் மூத்தவர்களா?