மூக்கடைப்பில் வந்த தொண்ணூற்றெட்டு

குன்னூரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் என்னைத் தைல டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். நான் வாங்கியது வேதியியல் டாக்டர் பட்டம். இந்த இரண்டாவது பட்டம் எப்படிக் கிடைத்தது என்பதை ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

எங்களுடையது எஸ்டேட் கம்பெனி. தேயிலைக்கு நல்ல விலை இருந்த காலத்தில் முதலாளிக்கு வாசனைப் பொருள் செய்யும் ஆசை வந்தது. ஃபேக்டரியின் பழைய ஸ்டோர் ரூமை லேப் ஆக்கி, அசிமெட்ரிக் கேட்டலிசிஸ் படித்த என்னைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். ஜெரானியாலில் ஹைட்ரஜனை ஏற்றி, ரோஜா வாசமுள்ள சிட்ரோனெல்லால் செய்ய வேண்டும். அது வலக் கையுறை, இடக் கையுறை மாதிரி இரண்டு வடிவத்தில் வரும். வாங்குகிறவர்களுக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த ஒன்றை மட்டும் தரும் வினையூக்கியை, அதாவது கேட்டலிஸ்டைக் கண்டுபிடிப்பது என் வேலை. நானோ பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் சரிபாதியாகச் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. மேனேஜர் தங்கவேலு லேப் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டாக்டர், எலை பறிக்கற கூலிக்கே கட்டுபடி ஆகறதில்லீங்க. அடுத்த வாரம் சென்னையிலிருந்து வாசனைக் கம்பெனிக்காரர் வர்றாருங்க. அவருகிட்ட ஆர்டர் வாங்கிட்டா லேப் ஓடுமுங்க. இல்லீன்னா பூட்டிர வேண்டியதுதானுங்க."

எனக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும். லேப் அசிஸ்டென்ட் செல்வராணிக்குக் கிடைக்காது. அவள் அப்பா அம்மாவுக்கு எஸ்டேட்டில் பாதி நாள்தான் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்.

புது கேட்டலிஸ்டைப் போட்டு ஒரு பேட்ச் ஓட்டினேன். ஜூலை மழை, எனக்குச் சரியான சளி. செல்வராணி அன்று லீவு. தயாரித்த சரக்கை ஒரு பழுப்புக் குப்பியில் ஊற்றினேன். அதே மாதிரி இன்னொரு குப்பியில் என் யூகலிப்டஸ் தைலம் இருந்தது. அந்த ஈரத்தில் லேபிள் ஒட்டாது. எனக்குத்தான் ஞாபகம் இருக்குமே என்று விட்டுவிட்டேன். படித்தவன் அல்லவா!

எந்த வடிவம் எவ்வளவு என்பதை ஒளி திரும்புவதை வைத்துச் சொல்லும் கருவி போலாரிமீட்டர். அதில் ஒளி நான் எதிர்பார்த்த பக்கமே திரும்பியது. கணக்குப் போட்டால் வேண்டிய வடிவம் தொண்ணூற்றெட்டு சதவீதம். ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டார். ஊட்டியில் கருத்தரங்கு வைத்தால் என்ன பேசலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் கைக்குட்டையில் தைலம் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி இரண்டு நாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, உங்க மேல ரோசாப்பூ வாசம் வருது. யாருங்க அது?"

தலைவலியில் நான் கைக்குட்டையை மூக்கில் வைத்து இன்னொரு இழுப்பு இழுத்தேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

சென்னைக்காரர் வந்தார். குப்பியைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"சார், இதை எங்க அம்மா நெஞ்சுல தடவிப்பாங்க."

தைலம் என்று நான் சட்டைப் பையில் வைத்திருந்த குப்பியை எடுத்தேன். அடியில் சொட்டுதான் மிச்சம். அவர் அதையும் முகர்ந்து பார்த்தார்.

"இது ரோஜா. இதுல எத்தனை பர்சன்ட்?"

"தெரியாதுங்க. மிச்சத்தையெல்லாம் நான் உறிஞ்சிட்டேனுங்க."

நான் போலாரிமீட்டரில் பார்த்தது தைலத்தை. அதுவும் ஒளியைத் திருப்பும். ஏறக்குறைய அதே அளவு திருப்பும் என்பது என் அதிர்ஷ்டம். மேனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சென்னைக்காரர் நல்ல மனுஷர், சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "சனிக்கிழமை வரைக்கும் கோயம்புத்தூர்லதான் இருப்பேன். தொண்ணூறு தாண்டினா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் இருந்த கேட்டலிஸ்ட் ஒரே ஒரு பேட்சுக்குத்தான் வரும். புதிதாக வாங்க யாரும் பணம் தரப்போவதில்லை. செல்வராணி எல்லாக் கண்ணாடிச் சாமானையும் மறுபடி கழுவினாள். என் தைலக் குப்பியை என்னைக் கேட்காமலே கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பேட்ச் இறங்கியது. "நீயே மோந்து பாத்துட்டு நீயே ரீடிங் எடு" என்று சொல்லி நகர்ந்து நின்றேன். எனக்கு என் மூக்கின் மேலும் நம்பிக்கை இல்லை, கண்ணின் மேலும் இல்லை.

"ரோஜாதான் சார்." போலாரிமீட்டரில் கண்ணை வைத்தாள். ரீடிங் எடுத்தாள், கழுவிவிட்டு மறுபடி எடுத்தாள், கணக்குப் போட்டாள். "தொண்ணூத்தி மூணு சார்."

"இன்னொரு தடவை பாரும்மா."

"தொண்ணூத்தி மூணுதான் சார்" என்றவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் சென்னைக்காரருக்குப் போன் போட ஓடினேன்.

அதற்கு முன்னும் பின்னும் நான் கட்டுரைகளில் போட்ட எண்கள் ஏராளம். தொண்ணூற்றொன்பது கூடப் போட்டிருக்கிறேன். படித்தவர்கள் அடிக்குறிப்பில் குறித்துக்கொண்டதோடு சரி. ஒரு வீடு அந்த எண்ணை நம்பிக் காத்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் எந்த எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னதில்லை.