பின்பக்கமாய்ப் பேசிய பெரிய மனிதர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ஒன்று அக்கா விட்டுப்போன பிள்ளை. படிப்பு இரண்டாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒருவரும் அவசரப்படுத்த வேண்டாம்.

எழுதப்போவது என் சிறுவயதுக் கதை. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சிரிக்காதீர்கள். ஜெர்மனியில், எசன் என்ற ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். ஜெர்மன் பாஷையில் நான் இரண்டு மாதக் குழந்தை. எட்டு வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பேன். அவள் கடையில் கேட்டு வாங்கித் தருவதைத் தின்பேன். குழந்தை என்றால் வேறென்ன?

வந்தது மூன்று மாத விசாவில். ஊரில் என்னோடு இருக்க ஆள் இல்லை என்று, என்னை இங்கேயே வைத்திருப்பதற்கு மகன் அன்ட்ராக் போட்டிருந்தான், விண்ணப்பத்துக்கு இங்கே அதுதான் பெயர். அடுத்த வியாழக்கிழமை விசா அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரம் குறித்திருக்கிறது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவும் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். என் பெட்டியில் இருந்து இரண்டு சேலைதான் வெளியே வந்திருந்தது. மற்றதெல்லாம் மடித்தபடியே கிடந்தது.

அந்தக் கிழமை டிவியில் ஒரு பெரிய அரசியல்வாதி பேசினார். வெளிநாட்டுக்காரரைப் பற்றித்தான் பேச்சு என்று பேத்தி சொன்னாள். வெள்ளைத் தலை, மேசையில் தட்டித் தட்டிப் பேசுகிறார். என்னடா சொல்லுகிறார் என்று மகனைக் கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, சும்மா கதைக்கிறார்" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது, அது சும்மா கதை இல்லை என்று.

சனிக்கிழமை மத்தியானம் மருமகளின் தம்பி வந்தான். ரேடியோ, டிவி திருத்தும் வேலை அவனுக்கு. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அவன் துண்டு துண்டாய்ப் பூட்டித் தந்ததுதான். அவனோடு வேலை செய்யும் பெடியள் ஒரு சங்கதி சொன்னார்களாம்: அரசியல்வாதியின் பேச்சைப் பதிந்து பின்பக்கமாக ஓடவிட்டால் உள்மனசில் இருப்பது வெளியே வருமாம்.

"முன்னுக்குக் கதைக்கிறது வோட்டுக்கு மாமி. பின்னுக்குக் கதைக்கிறதுதான் உண்மை. அந்த மனுசன்ர பேச்சைக் கொண்டந்திருக்கிறன்" என்றான்.

ஓடவிட்டான். சுடச்சுடக் கூழை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளும் தாயும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். அவர்களுக்கு ஜெர்மன் தெரியும், அதனால் ஜெர்மனைத் தேடினார்கள். பேத்திக்கு மட்டும் ஓரிடத்தில் காற்சட்டை என்று கேட்டதாம்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "பொறு, பொறு! திரும்பப் போடு! அந்தாள் தமிழ் கதைக்கிறான்!"

"மாமி, அவர் ஜெர்மன்காரர்."

"ஆராயிருந்தால் எனக்கென்ன? நில் எண்டு சொல்லுறான்!"

திரும்பப் போட்டான். நில்! சொல்லுக்குப் பின்னால் ஏதோ வால் மாதிரி ஒரு சத்தமும் இருந்தது. வெள்ளைக்காரனின் உச்சரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு நில். ஏழு தரம்! இப்போது எல்லாருக்கும் கேட்டது. பேத்தி கட்டிலில் ஏறித் துள்ளினாள். மகன் பாதி உரித்த வெங்காயத்தோடு குசினியிலிருந்து ஓடிவந்தான். கேட்டதும் அவன் முகம் கறுத்துப்போனது.

"நில்லெண்டால் என்ன? அதிலேயே நில், உள்ளுக்கு வராதை எண்டுறான்."

மருமகள் விடவில்லை. "ஏனப்பா அப்பிடி? உங்கட மாமி வீட்டை போனால் நாலு நாள் நிண்டிட்டுப் போ எண்டு மறிக்கிறேல்லையோ? அந்த நில்!"

"அப்ப ஏன் அதட்டுறான்?"

"உங்கட அம்மா அதட்டாமலோ மறிக்கிறவ?"

எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டும் உண்டு. வாசல் படலையில் அந்நியனை மறிப்பதும் நில்தான், விருந்தாளியைப் போகவிடாமல் கையைப் பிடிப்பதும் நில்தான். இருவரும் விடாமல் கத்தினார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரோடு இருந்தவன் மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், நான் கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடிக் கேட்டேன். தீர்ப்புச் சொன்னேன்: "கையைப் பிடிச்சுச் சொல்லுற நில் இது. நான் நிக்கலாம்."

அன்று இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பெட்டியைத் திறந்து சேலைகளை எல்லாம் அலுமாரியில் கொழுவினேன்.

வியாழக்கிழமை அந்த அலுவலகத்துப் பெண் கடதாசிகளை நெடுநேரம் புரட்டிவிட்டு முத்திரை குத்தினாள். முதலில் ஒரு வருடம், பிறகு நீட்டலாம். எனக்கு முன்னமே தெரியும் என்று கோயிலில் எல்லாருக்கும் சொன்னேன். தங்கள் டெர்மினுக்கும் கேட்டுச் சொல்லும்படி இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள்! சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெருமைதான்.

நாலைந்து வருடத்தில் ஜெர்மன் எழுத்தையும் கூட்டப் பழகினேன். ஒருநாள் ரயில் நிலையத்துப் பலகையில் ஓர் ஊரின் பெயரைக் கூட்டினேன். பெர்லின். எழுத்துகளை வாய்க்குள் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். நில்... ரெப். அந்த வால் சத்தமும்கூட! அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெரிய மனிதர் தலைநகரத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் பெர்லின் எண்டு ஒருக்காத்தான் சொன்னவர் மாமி. தம்பிதான் வெட்டி வெட்டி ஏழு இடத்தில ஒட்டினவன். கடிதம் வந்த நாளிலயிருந்து நீங்கள் சாப்பிடேல்லை எண்டு அவனுக்கு போனில அழுதனான்" என்றாள்.

ஒரு மணி நேரப் பேச்சு. அதைப் பின்பக்கமாக ஓடவிட்டு, என் காதுக்குத் தமிழாகக் கேட்கக்கூடிய ஒரேயொரு சொல்லைத் தேடி அந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் இருந்திருப்பான்? நானோ என் காதின் கூர்மையை மெச்சிக்கொண்டு திரிந்தேன். குழந்தைதானே, சோறு எங்கிருந்து வருகிறது என்று எப்போது கேட்டது?

அவன் இன்றுவரை சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை. இப்போதுகூட அடுத்த அறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறான். பேத்தி குசினியில் நிற்கிறாள்.

பிள்ளை, இஞ்சை வா. இதை ஒருக்கா வாசி. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, சத்தமாய் வாசி.