விழுங்காத மாத்திரையின் மேல் பழி

ஆரணியில் நர்ஸாக இருக்கிறேன். பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுக் கர்ப்பிணி மருமகளுக்கு மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவந்தேன். எட்டாம் மாதம் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை. விசாரித்தால், மாத்திரையெல்லாம் மாமியார் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்!

“இரும்புச் சட்டியில பட்டு நூலைப் போட்டா சாயம் கருத்துப்பூடுதுங்க. வயித்துல இரும்பு போனா புள்ள கருக்காதா?” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இப்போதெல்லாம் மாமியார்களை முதலில் உட்காரவைத்து, இரும்பு ரத்தத்தில்தான் சேரும், தோலில் அல்ல என்று விளக்கிவிட்டே மருமகளிடம் மாத்திரையைக் கொடுக்கிறேன்.

அந்த மாமியாரோ, தாத்தாவைப் போலவே கறுப்பாகப் பிறந்த பேரனைத் தூக்கிக்காட்டி, “பாருங்க, எல்லாம் உங்க மாத்திரை பண்ண வேலை!” என்கிறார். ஒன்றைக்கூட உங்கள் மருமகள் விழுங்கவில்லையே, அம்மா!