கடலுக்கு அடித்த பெனல்டி

எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்து சொன்னார். கல்முனைப் பக்கத்தில் பொன்னாடைக்குத் தப்பியவர்கள் குறைவு. கவிதை எழுதியவர், ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெறவிருக்கும் அதிபர், வீதிக்குக் கொங்கிறீட் போட்டவர், அந்த வீதியைத் திறந்து வைத்தவர் என்று எல்லாருக்கும் போர்த்தி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பழைய உதைபந்தாட்டக்காரர்கள்தான்.

செயலாளர் ஒரு தம்பி; என்னைக் ‘காக்கா’ என்று அண்ணன் முறையில்தான் கூப்பிடுவார். நான் கடைசியாக ஜேர்சி போட்டபோது அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்திருப்பார். கழகம் சிறப்பு மலர் போடுகிறதாம். அதற்கு ஒரு பக்கத்தில் நான் நன்றி எழுத வேண்டுமாம்.

“காக்கா, நம்மட கழகத்தில எழுத்தாளர் எண்டு நீங்க ஒராள்தானே இரிக்கீங்க,” என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பட்டியலையும் அவரே கொண்டுவந்திருந்தார். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி. இவர்களில் ஒருவரும் நான் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதிதியாக வர ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்கள்.

அத்துடன் கழக வரலாற்றையும் தந்து, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். ஆறு பக்கம். வாசித்தேன். எல்லாரும் அயராது உழைத்திருந்தார்கள். எல்லாரும் அரும்பணி ஆற்றியிருந்தார்கள். ஆறு பக்கத்திலும் பிழைவிட்ட மனிதர் ஒரேயொருவர்தான்: “முகாமையாளரின் தவறான அறிவுறுத்தலால் இறுதிப் போட்டியில் வெற்றிக் கிண்ணத்தை இழந்தோம். அதனைத் தொடர்ந்து அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.”

“தம்பி, இந்த வரி பொய்,” என்றேன்.

“மூத்தாக்கள் அப்பிடித்தான் சொன்ன காக்கா.”

“அந்த மூத்தாக்கள்ல நானும் ஒராள்.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். ஆனால் வரியை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. மலர் அச்சுக்குப் போகிற நேரத்தில் பழைய கதையைக் கிண்டினால் நிர்வாகம் இரண்டுபடுமாம். எங்கள் நிர்வாகம் எப்போது ஒன்றாக இருந்தது என்று கேட்க வாயெடுத்து, தேநீரைக் குடித்தேன்.

அந்த முகாமையாளர் பிரதான வீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவர், இன்றும் வைத்திருக்கிறார். அஸர் பாங்கு சொன்னதும் கடையைப் பூட்டுவார். தொழுதுவிட்டு ஒரு வெறும் பெயின்ட் வாளியோடு மைதானத்துக்கு வருவார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துதான் எங்கள் அணியை நடத்தினார். உதைபந்தாட்டம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒவ்சைட் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. “அது மத்தியஸ்தர்ர பிரச்சின, நமக்கென்னத்துக்கு?” என்று விட்டுவிட்டார். ஆனால் யாருக்கு எந்தக் கால் நல்ல கால், யாருடைய வீட்டில் அன்று உலை வைக்கவில்லை, யார் உம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை வைத்தே அணியைத் தெரிவு செய்தார். பயிற்றுநர் சான்றிதழ் உள்ளவர்கள் நடத்திய அணிகளை நாங்கள் வென்றோம்.

என் வாப்பா என்னை டியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இவர் வீட்டுக்கே வந்து, “ஒங்கட மகனுக்குக் கணக்கு வராது. பந்து வரும். வராததுக்கு ஏன் அனுப்புற?” என்று கேட்டார். வாப்பா அன்றைக்கு இவரை மன்னிக்கவில்லை. கணக்குப் பரீட்சை முடிவு வந்த அன்று மன்னித்தார்.

ஒருமுறை என் முழங்கால் திரும்பிவிட்டது. என்னைக் கடைக் கைவண்டியில் சீமெந்துப் பைகளுக்கு நடுவில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் ஒருவர் நான் செத்துவிட்டேன் என்று பதறிப்போய், “என்ன, மௌத்தா?” என்று கேட்டார். “இல்ல, சரக்கு டெலிவரி,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் தள்ளினார்.

இனி அந்த இறுதிப் போட்டி.

பக்கத்து ஊர் அணியோடு ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரமும் முடிந்து பெனல்டிக்குப் போயிற்று. எங்கள் மைதானத்தில் கடைசி விசில் மத்தியஸ்தருடையதல்ல, பள்ளிவாசலுடையது. மஃரிப் பாங்கு சொன்னால் பந்து எங்கே நிற்கிறதோ அங்கேயே ஆட்டம் முடிந்தது. சூரியன் இறங்கிவிட்டது. எங்கள் அணியின் ஐந்தாவது பெனல்டி எனக்கு. அடித்தால் சமம். விட்டால் முடிந்தது.

கிழக்குப் பக்கத்துக் கோல். அதற்குப் பின்னால் மணல், தோணிகள், கடல். அது கச்சான் காலம். மேற்கிலிருந்து வயலெல்லாம் கடந்து கடலுக்கு வீசுகிற அந்தக் காற்றில் உயர்த்தி அடித்த பந்து திரும்பி வராது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் பந்தை வைத்தபோது வாளியிலிருந்து எழும்பி அவர் கத்தினார்: “மனே, கச்சான் அடிக்கிது! கீழால அடி! நிலத்தோட அடி!”

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் ஊரே மைதானத்து மதிலில் ஏறியிருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் படம் போட்ட சஞ்சிகைகளை நான் நிறைய வாசித்திருந்தேன். நிலத்தோடு உருட்டிக் கோல் போடுவது எனக்கு ஒரு மரியாதைக் குறைவாகப் பட்டது. வலது மேல் மூலை என்று தீர்மானித்தேன்.

பந்து கோலுக்கு மேலால் போனது. மதிலுக்கு மேலால் போனது. தோணிகளுக்கு மேலால் போய்க் கடலில் விழுந்தது. கச்சான் அதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. என் வாழ்நாளில் நான் அடித்த மிக நீளமான அடி அதுதான்.

மதிலில் இருந்தவர்கள் இறங்கினார்கள். வாழ்த்துவதற்கு இறங்குகிறவர்கள் செருப்பைக் கையில் எடுப்பதில்லை. நான் பெனல்டிப் புள்ளியிலேயே நின்றேன். அப்போது முகாமையாளர் தன் வாளியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து, அதைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றார்.

“நான்தான் மேலால அடிக்கச் சொன்ன! அவன் சொன்னதச் செஞ்ச. ஏசுறெண்டா எனக்கு ஏசுங்க!”

ஏசினார்கள். வஞ்சகமில்லாமல் ஏசினார்கள். கச்சான் தெரியாத மனிசன், இரும்பு விக்கப் போ, வாளியத் தலையில கவுழ்த்திக்க. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பாங்கு சொன்னது. ஏசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தி, தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்யப் போனார்கள். பள்ளியில் அவரும் நானும் ஏசியவர்களும் தோளோடு தோள் சேர்த்து ஒரே வரிசையில் நின்றோம். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகம் கூடி அவரை நீக்கியது. அதன்பின் அவர் மைதானத்துப் பக்கம் திரும்ப வரவில்லை. நான் இன்னும் ஆறு வருடம் விளையாடினேன். ஒவ்வொரு முறையும் நான் பந்தைத் தொட்டால் மதிலிலிருந்து, “கடல்! கடல்!” என்று கத்துவார்கள். பிறகு எழுத்தாளனானேன். என் மனைவியின் சமையல், என் வழுக்கை, என் நோய்கள் எல்லாவற்றையும் கேலி செய்து எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. தன்னைத்தானே கேலி செய்கிறவன் என்று பெயரெடுத்தவன், உண்மையில் எதைக் கேலி செய்யக்கூடாது என்று கவனமாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

செயலாளர் போன மறுநாள் இரும்புக் கடைக்குப் போனேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உண்மையை எழுதப் போகிறேன், மலரில் அந்த வரியை வெட்ட வைப்பேன் என்றேன்.

“ஒன்ட வேலையப் பாரு மனே.”

“ஒங்கட பேர் கெட்டுப்போய் இரிக்கே.”

“கெட்டாலும் பேர் இரிக்கில்லியா? நான் எடுத்துத் தந்த நாலு கப்ப ஆருக்கு ஞாபகம்? இந்தப் பெனல்டியாலதான் இந்தக் கரையில என்னத் தெரியிது. அதையும் புடுங்கப் போறியா?”

“பகிடி விடாதீங்க.”

“சரி, பகிடி இல்ல. அண்டைக்கு அந்தக் கப்ப அடிச்சிரிந்தாலும் என்ன? சுனாமி கழகத்து அலுமாரியோட கொண்டு போயிரிக்கும்.” தராசிலிருந்து இரண்டு ஆணியை எடுத்தார். “கம்மா இரி. இதுக்கும் கீழாலதான் அடிக்கணும்.”

சுனாமியைக் காட்டி ஆறுதல் சொல்கிற மனிதரோடு எப்படி வாதாடுவது? வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு மீன் வியாபாரி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். அந்தக் காலத்து மதிலின் தலைவர் அவர். “கடல்” என்று முதலில் கத்தியவரும் அவர்தான். முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“என்ன கடல், இப்பதான் ரோசம் வந்ததா?” என்றார்.

“நான்தான் பிழ விட்ட. அவர் கீழால அடிக்கத்தான் சொன்ன,” என்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அடைத்திருந்தது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

“அது எங்களுக்குத் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“வாளிக்குப் பின்னால மதில்ல இரிந்தது நாங்கதானே? அந்தக் கொரல் கேக்காம ஆருக்கு இரிக்கும்? கொட்டகைக்குள்ள அதிதியோட இரிந்த நிர்வாகத்துக்குத்தான் கேக்கல்ல.”

“மறுகா ஏன் அவருக்கு ஏசின?”

“அவர் ஏசச் சொன்ன, நாங்க ஏசின. ஒனக்கு அடிச்சா நீ மறுகா விளையாடுவியா?”

“நிர்வாகத்துக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே!”

“எங்களுக்கிட்ட ஆரு கேட்ட?”

அவர் மீன் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வெயிலில் நின்றேன். மதிலுக்கே தெரியும். தெரிந்துகொண்டு ஆறு வருடம் என்னைக் கடல் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்; பொய்யன் என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஒரு பொய்யை அவருக்காக இத்தனை பேர் சேர்ந்து தூக்கி வைத்திருந்தார்கள், என் கால் நன்றாக இருக்கட்டும் என்று. எனக்கு நன்றி வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஊருக்கே உண்மை தெரிந்திருந்தும் பழியை ஒரு கடைக்காரர் தனியாகச் சுமந்தது இன்னும் மோசம். மைதானத்துக்கும் கடைக்கும் ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடம் நடந்துபோய் அவரை ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை, நான் உட்பட.

அன்றே எழுதினேன். ஒரு பக்கம். அதிதிகள் ஒருவரும் அதில் இல்லை. ஒரு முகாமையாளர், ஒரு மதில், நான் பிழைவிட்ட பெனல்டி. வரலாற்றில் அந்த வரியை எடுக்காவிட்டால் என் படத்தையும் எடுத்துவிடுங்கள் என்று கீழே குறித்து அனுப்பினேன்.

விழாவுக்கு முதல் நாள் மலர் வந்தது. வரி அப்படியே இருந்தது. என் படமும் இருந்தது. என் பக்கம் வரவேண்டிய இடத்தில் முழுப்பக்க விளம்பரம்: சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ட் வகைகளுக்கு நாடுங்கள், கழகத்துக்கு எமது இனிய நல்வாழ்த்துக்கள். அந்த இரும்புக் கடையின் விளம்பரம்.

செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். “நான் என்ன செய்யிற காக்கா? அவரே வந்து, அந்தப் பக்கம்தான் வேணும், வேற பக்கம் வேணா எண்டு நிண்ட. விளம்பரம் தாறவர எப்பிடி வேணாங்கிற?” என்றார்.

என் பக்கம் எதுவென்று கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை வாளியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் கவிழ்த்து ஏறி நின்றுவிட்டார்.

விழாவுக்குப் போனேன். மேடைக்குப் போகவில்லை. மதிலுக்குப் போனேன். என் வயதிலும் எடையிலும் அது நானாக ஏறக்கூடிய உயரமல்ல; மீன் வியாபாரி மேலிருந்து இழுக்க, இன்னொருவர் கீழிருந்து தள்ள, சரக்கு ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் மதில் ஒரே குரலில், “கடல்!” என்று பதில் சொன்னது. பிரதம அதிதி பொன்னாடையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை அடுத்தவருக்குப் போர்த்தினார்கள்.

மலர் போடாததை இங்கே எழுதிவிட்டேன்; நீங்கள் வாசிக்கும் இந்தப் புத்தகம் என்னுடையது. இதில் விளம்பரத்துக்குப் பக்கம் இல்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றாலும் கொடுக்க மாட்டேன். அவர் கீழால் அடிக்கத்தான் சொன்னார். மேலால் அடித்தவன் நான். அவர் வாங்கிய ஏச்சு முழுவதும் எனக்குரியது. நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இருந்தால் மதிலில் வந்து கேட்கலாம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆணி நிறுப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

“இப்பவும் சொல்வழி கேக்க மாட்டாய்,” என்றார். “மேலாலதான் அடிச்சிரிக்காய்.”

ஓம் என்றேன்.