இன்ஸாஃபுக்குத் தெரிந்த முதுகு

எங்கள் நீச்சல் குழுவில் ரஊஃபைப் பிடிக்காதவர்கள் கிடையாது. கெய்ரோ தண்ணீர் வாரியத்தில் எஞ்சினியர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டிப் பைத்தியம் அவரைப் பிடித்துக்கொண்டது. எப்போதும் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வருவார். முதல் பரிசு வாங்கியவரைவிட அதிகமாகச் சிரிப்பார்.

அவர் மனைவி இன்ஸாஃப் மருந்துக்கடை நடத்துகிறார். சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை விடிந்தால், கெய்ரோவிலிருந்து செங்கடல் பக்கம் போகும் சுக்னா நெடுஞ்சாலையில் கணவருக்குப் பின்னால் பழைய காரை உருட்டிக்கொண்டு வருவார். லாரிகள் இடித்துவிடக் கூடாதே என்று காரின் நான்கு விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஊர்ந்து போகும் காரைக் கண்டால் எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண ஊர்வலம் போகிறது என்று கேலியாக, ஊர்வலத்தில் அடிக்கும் தாளத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே முந்துவார்கள். இன்ஸாஃப் கண்ணாடியை ஏற்றிவிட்டு முணுமுணுப்பார்.

போன குளிர்காலத்தில் ரஊஃபின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காமல் மணலில் போய் விழுந்தார். அன்று இன்ஸாஃப் திட்டவே இல்லை.

"கை சரியாகலேன்னா சைக்கிள வித்துடணும். சத்தியம் பண்ணு" என்றார்.

ரஊஃப் பண்ணினார். டாக்டர்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். மிச்சமிருந்தது ஷெனூதா ஒருவர்தான். ஆளின் உடம்பை அளந்து சைக்கிளை அதற்கேற்பப் பொருத்தித் தருவது அவர் தொழில். துணைக்கு இன்ஸாஃபும் நானும் போனோம்.

சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் நகராமல் மாட்டி, ரஊஃபின் முட்டி, இடுப்பு, தோளில் அளவுக்கான பொட்டு ஒட்டிக் கேமராவைத் திருப்பினார் ஷெனூதா. "வழக்கமா எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க, பாஷா." கடைக்கு வருகிற எல்லோருமே அவருக்குப் பாஷாதான்.

எங்கள் கூட்டமே செய்யும் தப்பை ரஊஃபும் செய்தார். கேமராவைப் பார்த்ததும் வயிற்றை எக்கி, முதுகைத் தட்டையாக்கி, சாம்பியன் மாதிரி மிதித்தார். முன்பு எனக்கு அளவெடுத்தபோது நானும் இப்படித்தான் படம் காட்டினேன்.

ஷெனூதா வெகுநேரம் பார்த்தார். "எனக்குக் குறை ஒண்ணும் தெரியல, பாஷா. நரம்புக் கோளாறுதான் போல."

ரஊஃப் மெல்ல இறங்கி, சைக்கிளின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூலையில் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த இன்ஸாஃப் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இவரு இப்படி ஓட்டுறதே இல்ல."

"எப்படி ஓட்டுவாரு, மேடம்?"

"சுங்கச்சாவடி வரைக்கும்தான் இந்த ஜம்பம். அப்புறம் சீட்டு நுனிக்கு வந்துடுவாரு. வலது தோள் இறங்கிடும், இடது முட்டி வெளிய போயிடும். உடம்பு பாரம் மொத்தமும் அந்தக் கை மேலதான்."

"அப்ப சுங்கச்சாவடி தாண்டுற வரைக்கும் மிதிக்க விடுவோம்" என்று ஷெனூதா பெடலின் சுமையைக் கூட்டினார்.

சட்டை தொப்பலாக நனைந்தது. எக்கிய வயிறு தளர்ந்தது. ரஊஃப் நுனிக்கு நகர்ந்தார், தோள் இறங்கியது, முட்டி வெளியே போனது.

"கைப்பிடி ரொம்பத் தள்ளி, ரொம்பக் கீழ இருக்கு. யாரு இறக்குனது?" என்று கேட்டார் ஷெனூதா.

ரஊஃப் குனிந்து பெடலைப் பார்த்தார். சாம்பியன்களின் படத்தைப் பார்த்து அவரே இறக்கியது எங்களுக்குத் தெரியும்.

ஷெனூதா கைப்பிடியை உயர்த்தி, உடம்புப் பக்கம் கொண்டுவந்தார். கண்ணாடியில் பார்த்த ரஊஃப் நொந்துபோனார். "தலையில ரொட்டித் தட்டு வச்சுட்டு சைக்கிள்ல போறவன் மாதிரி இருக்கேன்."

"அவன் ஒத்தைக் கையிலேயே ஓட்டுறான். கை மரத்துப்போச்சுன்னு சொல்லி நான் கேட்டதில்ல" என்றார் இன்ஸாஃப்.

ரஊஃப் சிரிக்கவில்லை. "நீ பின்னால ரேடியோ கேட்டுட்டு வர்றேன்னுல்ல நெனச்சேன்."

"ரேடியோ கெட்டுப்போய் எத்தனையோ வருஷமாச்சு. எப்ப விழுவியோன்னு உன்னையேதான் பார்த்துட்டு வர்றேன்."

ரஊஃப் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைக்கிற அளவுக்கு மேலேயே துடைத்தார். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கூடவே ஓட்டினேன். சுங்கச்சாவடியைத் தாண்டினோம், அவர் தோள் இறங்கவில்லை. இன்னும் வெகுதூரம் போன பிறகு, ரஊஃப் வலது கையைப் பின்பக்கம் நீட்டி ஐந்து விரல்களையும் காருக்கு ஆட்டிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு சிமென்ட் லாரி கல்யாண ஹாரனை அடித்துக்கொண்டு எங்களை முந்தியது.

பின்னாலிருந்து பழைய கார் அதே தாளத்தில் பதில் ஹாரன் அடித்தது.