டோசருக்கு இன்று ஆஃப்

நெய்வேலியில் என் குவார்ட்டர்ஸ் ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு வருடம் முழுக்க ஒரு ஷிப்ட் சார்ட் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த கட்டங்கள். காலை ஷிப்ட் நீல மையில், மதிய ஷிப்ட் கறுப்பு மையில், வார ஓய்வு சிவப்பில். டவுன்ஷிப்பில் பல வீடுகளில் இப்படி ஒரு தாளைப் பார்க்கலாம். யார் எப்போது வேலைக்குப் போகிறார், யார் எப்போது தூங்குகிறார் என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. எங்கள் தாளில் இருந்த பெயர்கள்தான் கொஞ்சம் வேறு மாதிரி: டோசர், பலா, காளான், மைனா, கரி, தவளை. சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருமுறை அதை மேலிருந்து கீழ்வரை படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

சார்ட்டை எழுதியவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை டைம் ஆபீஸில் இருந்தவர். சுரங்கத்தில் யார் எந்த ஷிப்டுக்கு வர வேண்டும், யாருக்கு என்றைக்கு ஆஃப், திடீரென்று ஒருவர் வராவிட்டால் வேறு யாரை வரவழைப்பது என்பதெல்லாம் அவர் மேசையில்தான் முடிவாகும். ஓய்வு பெற்றதும் அவருடைய குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வடலூரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அப்போது தளம்கூடப் போட்டிருக்கவில்லை. அதனால் வீடு முடிகிற வரை என்னோடு வந்து தங்கினார். இரண்டு பெட்டி, ஒரு கிரைண்டர், பென்சில் டப்பா நிறைய பேனாக்கள். அவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சாமான்.

கன்சோலை நான் வாங்கியது எனக்காக. சின்ன வயதில் எங்கள் ப்ளாக்கில் ஒருத்தியிடம் மட்டும் கையடக்கக் கருவி ஒன்று இருந்தது. காட்டிலும் மேட்டிலும் திரியும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, மோதவிட்டு வளர்க்கிற விளையாட்டு அதில் ஓடும். அவள் விளையாட, அவள் தோளுக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள்கூட என் கைக்கு வரவில்லை. அதே வரிசையில் இன்றைக்கும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், சம்பாதிக்கிற திமிரில் பெரிய டிவியும் கன்சோலுமாக வாங்கிப்போட்டேன். முதல் வாரமே ஒரு நெருப்புச் சிங்கத்தைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சண்டைக்கும் அதைத்தான் அனுப்புவேன். மற்ற ஐந்தும் சும்மா கூடவே வரும்.

அத்தை பின்னால் நாற்காலி போட்டு, மொச்சை உரித்துக்கொண்டே ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் வாயைத் திறந்தார். "ஏன்டி, காலையிலேர்ந்து இது ஒண்ணே சண்ட போட்டுகினு கெடக்குதே, மத்ததெல்லாம் என்னா பண்ணிகினு இருக்குது?" அதுதான் பலசாலி, அதனால் அது போகிறது என்றேன். "போவாம? நீ மத்தத அனுப்பவே இல்லியே, அப்புறம் எங்கேர்ந்து பலம் வரும்?" என்று கேட்டுவிட்டு மொச்சைத் தோலைக் கொட்டப் போய்விட்டார். மறுநாள் அவர் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறந்து கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். அதோடு அந்த டிவி என் கையை விட்டுப் போயிற்று.

அவர் விளையாடிய விதத்தை இந்த உலகத்தில் வேறு யாரும் விளையாடியிருக்க மாட்டார்கள். ஆறு பிராணி பிடித்தார், பெயர் வைத்தார், உடனே தாளையும் ஸ்கேலையும் எடுத்தார். காலையில் இரண்டு, மதியத்துக்கு மேல் இரண்டு, ஒன்று ரிசர்வ், ஒன்றுக்கு ஆஃப். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு சண்டை பாதியில் இருந்தால், அடுத்த ஷிப்ட் பிராணி வந்து நின்ற பிறகுதான் முதல் பிராணியை விடுவிப்பார். ஆளை மாற்றாமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது சுரங்கத்துச் சட்டம். ஆஃப் கிடைத்த பிராணி குழுவில் இருக்கவே கூடாது. அன்று முழுவதும் அது சேமிப்புப் பெட்டிக்குள் இருக்கும். "ஆஃபுன்னா வூட்டுக்குப் போவணும். இங்கியே ஒக்காந்துகினு இருந்தா அதுக்குப் பேரு ஆஃபா?" ஞாயிற்றுக்கிழமை கன்சோலுக்கே ஆஃப். கரித்துண்டு மாதிரி உருண்டு வரும் பிராணியைப் பிடித்த அன்று மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "இது வெளியூரு கரிடி. நம்மளுது பழுப்பால்ல இருக்கும்" என்றார். ஆனாலும் அதற்கும் செவ்வாய்க்கிழமை ஆஃப் கொடுத்தார்.

நான் கிண்டல் செய்தேன், நிறையவே செய்தேன். என் கிண்டலுக்குள் கொஞ்சம் புகைச்சலும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேலை அனல்மின் நிலையத்து லேபில். கொதிகலனுக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பது. எனக்கும் வாரம் ஒரு ஆஃப் உண்டு, தாளில். ஆனால் ஆஃப் அன்று காலை இட்லிக்குச் சட்னி அரைக்கும் முன்னாலேயே மேனேஜரிடமிருந்து போன் வந்துவிடும். "ஏம்மா, ஆள் இல்லம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயிருங்களேன்." நல்ல மனிதர், அதட்ட மாட்டார். அந்தக் 'கொஞ்சம்' என்பது எட்டு மணி நேரம். நானும் ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டுவேன். என்னை விட்டால் லேப் ஓடாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. அந்த மனிதரை யாராவது ஒருமுறையாவது எதிலாவது தோற்கடித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த வருடம் என் ஒரே ஆசை.

ஆசைக்கு வழி பொங்கலில் வந்தது. எங்கள் ப்ளாக் விளையாட்டு விழாவில் கோலம், உறியடி, இசை நாற்காலியோடு இந்தப் பிராணிப் போட்டியையும் இளவட்டங்கள் சேர்த்துவிட்டார்கள். மேனேஜர் மகளுக்கென்று கன்சோல் வாங்கி, அதை மகளிடம் தராமல் தானே விளையாடுபவர் என்பது ஊருக்கே தெரியும். இறக்கை முளைத்த ராட்சதப் பாம்பு ஒன்று வைத்திருந்தார். அதை எதிர்த்து நிற்க ஆளில்லை. நான் என் சிங்கத்தோடு போய் முதல் சுற்றிலேயே அந்தப் பாம்பிடம் மாட்டினேன். சிங்கம் விழுந்ததும் மற்ற ஐந்தும் வரிசையாக விழுந்தன. மறுபுறத்தில் அத்தை, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி, ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டே போனார். அவருடைய ஆறும் ஒன்றுபோல் வளர்ந்திருந்ததால், எதை அடித்துப் போட்டாலும் அடுத்ததும் அதே பலத்தோடு வந்து நின்றது. சனிக்கிழமை இறுதிப் போட்டி: அத்தையும் மேனேஜரும்.

சனிக்கிழமை டோசருக்கு ஆஃப். டோசர் என்பது, புல்டோசர் மாதிரி முட்டித் தள்ளும், பாறையால் ஆன எருமை. பாம்பை நேருக்கு நேர் தாங்கக்கூடியது அது ஒன்றுதான். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று சிவப்பு மையைப் பார்த்துவிட்டு அத்தையிடம் ஓடினேன். "அத்தே, இன்னிக்கு ஒருநாள் மட்டும் போடுங்களேன்" என்றேன். "ஆஃபுல இருக்கிறத கூப்புடக் கூடாது." அது வெறும் பொம்மை என்றேன். அடுத்த வாரம் இரண்டு நாளாக ஆஃப் கொடுத்துவிடலாம் என்றேன். அந்த ஆள் ஜெயித்தால் நான் லேப் பக்கம் தலைகாட்ட முடியாது என்றுகூட, அழாக்குறையாகச் சொன்னேன். அத்தை புடவைக்குப் பின் குத்திக்கொண்டே, "நாளைக்குக் குடுக்கறேன், மறுநாள் குடுக்கறேன்னு நான் எத்தன பேருக்கு சொல்லியிருக்கேன் தெரியுமா? போ, செருப்பு போடு" என்றார்.

கம்யூனிட்டி ஹாலில் கூட்டம் நெரிந்தது. ஐந்து பிராணியோடு உட்கார்ந்த அத்தையைப் பார்த்து, "மேடம், ஒண்ணு கொறையுதே?" என்றார் மேனேஜர். "அது லீவுங்க சார்" என்றார் அத்தை. ஹாலே சிரித்தது. பாம்பு முதலில் மைனாவை விழுங்காத குறையாக அடித்துப் போட்டது, பிறகு தவளை, பிறகு கரி. அடுத்து வந்த காளான் பொடியைத் தூவிப் பாம்பைத் தூங்கவைத்துவிட்டது. "தூங்கட்டும் பாவம், எத்தினி நாளா டூட்டி பாத்துகினு இருக்குதோ" என்று அத்தை சத்தமாகவே சொன்னார். தூங்குகிற பாம்பைக் காளானும் பலாவும் மாறி மாறி அடித்து வீழ்த்தியபோது ஹாலில் விசில் பறந்தது. நான் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டேன். ஆனால் மேனேஜரிடம் இன்னும் ஐந்து இருந்தன. எல்லாம் வளராத நோஞ்சான்கள்தான், என்றாலும் ஐந்து ஐந்துதான். நான்கு விழுந்தன; இடையில் காளானும் விழுந்தது. கடைசியில் ஏதோ ஒரு தேரைக்குஞ்சு, ஏற்கெனவே அடிபட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த பலாவைத் தட்டிவிட்டது. இன்னும் ஒரே ஒரு பிராணி இருந்திருந்தால் அத்தை ஜெயித்திருப்பார். அத்தைக்கு இரண்டாம் பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹாட்பாக்ஸை மேசைமேல் டங்கென்று வைத்தேன். அத்தை காப்பி போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். "நீ பொறந்தப்ப உங்கப்பா ஆஸ்பத்திரியில இல்ல, தெரியுமில்ல?" என்றார். தெரியும். அன்று சுரங்கத்தில் டூட்டி என்று அம்மா சொல்லியிருக்கிறார். "டூட்டி இல்ல. அன்னிக்கு அண்ணனுக்கு ஆஃபு. கன்வேயருக்கு ரெண்டு ஆளு வரல. நாந்தான் வூட்டுக்கு ஜீப்பு அனுப்பினேன். அண்ணிக்கு வலி வந்துகினு இருக்குதுன்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

ஏன் என்று கேட்டேன். லிஸ்டில் அடுத்த பெயர் அப்பாவுடையதாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"லிஸ்டா?" அத்தை சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "லிஸ்டு சொவுத்துல தொங்கும். கூப்புடறது வேற. மாட்டேன்னு சொல்றவன ரெண்டு தடவ கூப்புடுவோம், அப்புறம் விட்டுடுவோம். சரின்னு சொல்றவனதான் திரும்பத் திரும்பக் கூப்புடுவோம். நல்லா வேல செய்றான்னு இல்ல, சரின்னு சொல்லுவான்னு. உங்கப்பா ஒருநாளும் என்னைய மாட்டேன்னு சொன்னதில்ல. மூணு மணிக்கு ஒடம்பெல்லாம் மண்ணோட வந்து ஒன்னப் பாத்தாரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல." பிறகு காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஒங்க மேனேஜருக்கு ஒன் நம்பரு மனப்பாடமா இருக்கும், பாரு" என்றார். அன்று இரவு முழுவதும் எனக்கு அந்த மேனேஜர் மேல் கோபமே வரவில்லை. என் மேல்தான் வந்தது.

இப்போது அத்தை வடலூரில் சொந்த வீட்டில் இருக்கிறார். கன்சோலைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். கேட்டால், "பசங்கள நடுவுல எடம் மாத்தினா கஷ்டப்படும்" என்கிறார். பிராணிகள் முப்பதைத் தாண்டிவிட்டதால் சார்ட்டுக்குத் தனி நோட்டே போட்டிருக்கிறார். ஆஃப் நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எல்லா ஆஃபிலும் போக முடிகிறது. அது எப்போது தொடங்கியது என்பதும் நன்றாக நினைவிருக்கிறது: அவர் என்னோடு இருந்த கடைசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

அன்று எனக்கு ஆஃப். வழக்கம்போல மேனேஜர் போன் செய்தார், வழக்கம்போல ஆள் இல்லை என்றார். என் வாய் 'சரி' என்பதற்குத் தானாகவே திறந்தது. அதைப் பிடித்து நிறுத்தி, "இன்னிக்கு வர முடியாதுங்க சார், எனக்கு ஆஃப்" என்றேன். "ஏம்மா, எதாவது விசேஷமா?" கல்யாணம், காய்ச்சல், கோயில் என்று நான்கைந்து பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார். "விசேஷம் ஒண்ணும் இல்ல சார். ஆஃப், அவ்ளோதான்" என்றேன். அவர் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓ, சரிம்மா, வேற ஆளப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். இத்தனை வருடம் நான் பயந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துபோயிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோயம்புத்தூரில் என் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல், மேனேஜர் குரலிலும் என் குரலிலுமாக நடித்தே காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது. என்னைக் கண்டிக்கவில்லை அவர். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக நிஜமாகவே கேட்டார்.

"அப்டிகூட சொல்லலாமாம்மா?"